வலைப் பக்கத்தில் அடுக்கு முறை: மகர்பட்டா நிலப்படம் ஓர் எடுத்துக்காட்டு

மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரில், ஹடப்சர் பகுதியில் மகர்பட்டா அமைந்துள்ளது. அடுக்கு மாடி வீடுகளும் பூங்காக்களும், சைபர்சிட்டி என வழங்கும் கணினி அலுவலகத் தொகுதியும் இன்று அங்கே காணப்படுகின்றன. சில பத்தாண்டுகளுக்கு முன்பு அது விளைநிலமாக இருந்தது. நகரம் வளர்ந்து வயல்களை நெருங்கியபோது, நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், ஏறக்குறைய 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்தன. தாங்களே பங்குதாரர்களாக அமைந்த ஒரு கம்பெனியின் வாயிலாக அங்கே ஒரு நகரியத்தை நிறுவின. சதீஷ் மகர் என்பவர் இம்முயற்சிக்குத் தலைமை வகித்தார்.

இத்தகைய ஓர் இடத்தை ஒரே படத்தில் காட்டுவது எளிதன்று. பழைய வயல் எல்லைகள் ஒரு விதமாகவும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் புதிய சாலைகள் வேறு விதமாகவும் இருக்கும். கட்டிடங்கள், பெயர்கள், குறிகள் ஆகியவை இவற்றின்மேல் அமைய வேண்டும். நில அளவைத் துறையின் வரைவாளர்கள் ஒளி ஊடுருவும் தாள்களில் இவற்றைத் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவந்தார்கள். எந்தத் தாள் மேலே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கையே தீர்மானித்தது.

அதே படம் வலைப் பக்கத்தில் காட்டப்படும்போது அந்தக் கையின் வேலையை உலாவி செய்கிறது. எந்த உறுப்பு மேலே, எது கீழே என்பதை அது தானாக ஊகிப்பதில்லை, சி.எஸ்.எஸ். எனப்படும் பக்க அலங்கார விதிகளைப் பின்பற்றியே முடிவு செய்கிறது. இவ்விதிகளை அறியாதவர் அமைத்த பக்கத்தில் மெனு படத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். எச்சரிக்கை வாசகம் மறைந்துபோகும். களப்பணியாளர் நாள் முழுவதும் திரட்டிய விவரங்களை அனுப்புவதற்கான பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தும் இயங்காது. இக்குறைகளுக்குக் கணினி பழுது என்றும் இணைப்பு சரியில்லை என்றும் காரணம் கூறப்படுவதுண்டு. உண்மையில் பல சமயங்களில் பிழை அடுக்கு முறையில் இருக்கிறது.

(கீழே தமிழ் எழுத்தில் தரப்படும் கட்டளைச் சொற்கள் கணினியில் ஆங்கில எழுத்துகளில் இடப்பெற வேண்டியவை.)

மூன்றாம் அச்சு

கணினித் திரை தட்டையானது. இடமிருந்து வலமாகச் செல்லும் அச்சு எக்ஸ் எனவும், மேலிருந்து கீழாகச் செல்லும் அச்சு ஒய் எனவும் வழங்கப்படுகின்றன. திரையிலிருந்து பார்ப்பவரின் கண்ணை நோக்கி மூன்றாவது அச்சு ஒன்று நீள்வதாகக் கற்பனை செய்துகொண்டால், அதுவே இசட் அச்சாகும். இதனால்தான் அடுக்கைக் குறிக்கும் கட்டளைக்கு இசட்-இண்டெக்ஸ் என்று பெயரிட்டார்கள். இக்கட்டுரையில் அது அடுக்கெண் எனப்படும்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோக்கன் வியும் லீ என்பவர் 1994-இல் சி.எஸ்.எஸ். முறையை முன்மொழிந்தார். அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்தது. எழுத்தின் அளவு, நிறம், ஓரங்கள் முதலியவற்றை அது ஒழுங்குபடுத்தியது; உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் பற்றி எதுவும் கூறவில்லை. 1998 மே மாதத்தில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் அடுக்கெண் இடம்பெற்றது.

உலாவி படம் தீட்டும் முறை ஓவியரின் முறையை ஒத்தது. ஓவியர் முதலில் வானத்தையும், பிறகு மலையையும், அதன்பின் மரத்தையும், கடைசியில் மரத்தடியில் நிற்கும் மனிதரையும் தீட்டுகிறார். பின்னால் தீட்டப்படுவது முன்னால் தீட்டப்பட்டதை மறைக்கிறது. ஆகவே, எது மேலே என்ற கேள்வியும் எது கடைசியாகத் தீட்டப்பட்டது என்ற கேள்வியும் ஒன்றே.

கட்டளை எதுவும் தரப்படாவிடில், பக்கத்தின் மூலத்தில் பின்னால் எழுதப்பட்ட உறுப்பு பின்னால் தீட்டப்படும். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. பொசிஷன் என்னும் கட்டளையால் ரிலேட்டிவ், அப்சொல்யூட், ஃபிக்ஸட், ஸ்டிக்கி என்னும் நிலைகளுள் ஒன்றைப் பெற்ற உறுப்புகள், அக்கட்டளை பெறாத சாதாரண உறுப்புகளுக்கு மேலே தீட்டப்படுகின்றன. இவற்றை இடங்குறித்த உறுப்புகள் எனலாம். அடுக்கெண் இவற்றிற்கே செல்லும். சாதாரணப் பத்தி ஒன்றிற்கு 5000 என்று எண் கொடுத்தாலும் உலாவி அதனைப் பொருட்படுத்தாது. புதிதாகக் கற்பவர் முதன்முதலில் இடறும் இடம் இதுதான். ஃபிளெக்ஸ், கிரிட் என்னும் அமைப்புகளின் நேரடிச் சேய் உறுப்புகளுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை.

புல எண்ணும் உட்பிரிவு எண்ணும்

பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே என்பது பொதுவாக நிலவும் கருத்து. இது பாதி உண்மையே. மறுபாதியை விளக்குவதற்கு நில அளவைப் பதிவேடு நல்ல துணையாகும்.

கிராமத்தில் ஒவ்வொரு புலத்திற்கும் ஓர் எண் உண்டு. புலம் பங்கிடப்படும்போது உட்பிரிவு எண் ஏற்படுகிறது. மகாராஷ்டிரத்தில் உட்பிரிவை ஹிஸ்ஸா என்பர். 12-ஆம் புலத்தின் மூன்றாம் உட்பிரிவு 12/3 என எழுதப்படும். பதிவேட்டில் 12/99 முன்னால் வருமா, 13/1 முன்னால் வருமா என்று கேட்டால், எந்தக் கிராம அலுவலரும் தயங்காமல் விடை கூறுவார். 12-ஆம் புலம் முழுவதும் முடிந்த பின்னரே 13 தொடங்கும். 99 என்னும் எண் பெரியதாயினும், அதன் செல்வாக்கு 12-ஆம் புலத்தின் வரப்புக்குள் அடங்கிவிடுகிறது.

வலைப் பக்கத்திலும் இவ்வாறே வரப்புகள் உள்ளன. சில உறுப்புகள் தமக்குள் இருக்கும் சேய் உறுப்புகளுக்கெல்லாம் வரப்பாக அமைகின்றன. அத்தகைய உறுப்பு ஒன்றையும் அதன் உள்ளடக்கத்தையும் சேர்த்து அடுக்குக் களம் எனலாம். ஒரு களத்திலுள்ள சேய்கள் தங்களுக்குள் மட்டுமே எண்ணால் போட்டியிடும். வெளியுலகிற்கு அக்களம் முழுவதும் ஒரே தாளாகத் தோன்றும். அத்தாளின் இடத்தைத் தாய் உறுப்பின் எண் நிர்ணயிக்கும். தாயின் எண் 1 ஆகவும், பக்கத்திலுள்ள வேறோர் உறுப்பின் எண் 2 ஆகவும் இருக்குமாயின், சேய்க்கு 9999 கொடுத்தும் பயனில்லை. 1/9999 எப்போதும் 2-க்குக் கீழேதான்.

வகுப்பறையில் இதனைக் காட்டுவதற்குக் கணினி தேவையில்லை. மூன்று நிறத் தாள்களை ஓர் உறைக்குள் இட்டு, அவ்வுறையின்மேல் ஒரு புத்தகத்தை வைத்தால் போதும். உறைக்குள் சிவப்புத் தாளை எல்லாவற்றிற்கும் மேலே வைக்கலாம். ஆனால் புத்தகத்திற்கு மேலே கொண்டுவர முடியாது. அதற்கு உறையை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைக்க வேண்டும், அல்லது தாளை உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். வலைப் பக்கத்திலும் இவ்விரண்டே வழிகள்.

ஒரு களத்திற்குள் தீட்டும் வரிசை பின்வருமாறு. முதலில் அக்களத்தின் சொந்தப் பின்னணி, அதன்மேல் கழித்தல் எண் பெற்ற சேய்கள், பிறகு சாதாரணப் பத்திகளின் பின்னணிகள், ஒரு பக்கமாக ஒதுங்கி மிதக்கும் படங்கள், எழுத்துகள். இவற்றின்மேல் அடுக்கெண் பெறாத, அல்லது பூச்சியம் பெற்ற, இடங்குறித்த உறுப்புகள். இறுதியில் 1, 2, 3 என ஏறுமுகமாக மற்றவை. எண்கள் சமமாயின், மூலத்தில் பின்னால் வருவது மேலே அமையும்.

நிலப்படத்தில் நேர்வது

இனி மகர்பட்டா படத்திற்கு வருவோம். வலைப் பக்கங்களில் நிலப்படம் அமைப்பதற்குப் பெரிதும் உபயோகிக்கப்படும் கருவிகளுள் ஒன்று லீஃப்லெட். உக்ரைன் நாட்டு நிரலாளர் வொலொதிமிர் அகஃபோன்கின் என்பவர் 2011-இல் இதனை வெளியிட்டார். இக்கருவி படத்தைப் பல தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் எண் அளித்துள்ளது. அடிப்படைப் படத்தின் சதுரத் துண்டுகளுக்கு 200, எல்லைக் கோடுகளுக்கும் பரப்புகளுக்கும் 400, குறிகளின் நிழலுக்கு 500, குறிகளுக்கு 600, சிறு விளக்கங்களுக்கு 650, தொட்டால் விரியும் விவரப் பெட்டிக்கு 700. இடையில் இடைவெளி விட்டிருப்பது நல்ல முன்யோசனை. மகர்பட்டாவின் பழைய வயல் எல்லைகளுக்கு 350 என ஒரு புதிய தட்டை ஏற்படுத்தினால், அவை துணைக்கோள் படத்திற்கு மேலும், இன்றைய கட்டிடங்களுக்குக் கீழும் அமைந்துவிடும்.

பழைய எல்லைகளையும் கட்டிடங்களையும் ஒரே தட்டில் வரைந்தால் அடுக்கெண் உதவாது. அத்தட்டில் கோடுகள் யாவும் ஒரே வரைபடத்தின் பகுதிகளாக அமைவதால், பின்னால் சேர்க்கப்பட்டதே மேலே நிற்கும். படத்திற்குள் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் சி.எஸ்.எஸ். ஆள்கிறது என்று எண்ணுதல் தவறு. தனித்தனி உறுப்புகளாக இருப்பவற்றையே அது ஆளும்.

படம் தனியே நிற்கும்வரை சிக்கல் இல்லை. அதனை ஒரு பள்ளியின் அல்லது அலுவலகத்தின் பக்கத்தில் இடும்போதே தொல்லை தொடங்குகிறது. பக்கத்தின் உச்சியில், கீழே நகர்த்தினாலும் நகராமல் நிற்கும் தலைப்பட்டை ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். அதன் எண் 100. கீழே மகர்பட்டா படம். பக்கத்தை மேல்நோக்கி நகர்த்தியதும் படம் தலைப்பட்டையின்மேல் ஏறி, அதிலுள்ள பெயரையும் மெனுவையும் மூடிவிடுகிறது. கூட்டல், கழித்தல் என்னும் குறிகளைத் தாங்கிய பொத்தான்களும் தலைப்பட்டையின்மீது மிதந்து செல்கின்றன.

காரணம் யாதெனில், படத்தைத் தாங்கும் பெட்டி ரிலேட்டிவ் என்னும் நிலை பெற்றிருந்தும் அடுக்கெண் பெறவில்லை. எண் இல்லாத பெட்டி களமாக அமையாது. வரப்பில்லாத வயல் போன்றது அது. உள்ளே இருக்கும் தட்டுகளுக்கெல்லாம் தாயான படத்தட்டு 400 என்னும் எண்ணுடனும், பொத்தான்கள் 1000 என்னும் எண்ணுடனும் வெளியே வழிந்து, பக்கத்தின் பொதுக் களத்தில் தலைப்பட்டையுடன் நேருக்கு நேர் போட்டியிடுகின்றன. 100 தோற்கிறது.

அனுபவமில்லாதவர் செய்யும் முதற் சிகிச்சை தலைப்பட்டையின் எண்ணை 9999 ஆக உயர்த்துவது. அன்றைக்கு நோய் தீர்ந்ததுபோல் தோன்றும். சில வாரங்களுக்குப் பிறகு அப்பக்கத்தில் ஓர் உரையாடற் பெட்டி சேர்க்கப்படுகிறது. பூட்ஸ்டிராப் என்னும் பரவலான கருவித் தொகுதியின் ஐந்தாம் பதிப்பில் அப்பெட்டிக்கு 1055 என்னும் எண் உள்ளது. அது தலைப்பட்டைக்குக் கீழே சென்றுவிடுகிறது. உடனே அதற்கு 99999. இவ்வாறு ஏறிக்கொண்டே போனால் எல்லை உண்டா எனில், உண்டு: இன்றைய முக்கிய உலாவிகளில் அது 2147483647. முப்பத்திரண்டு துகள்களில் கூட்டல், கழித்தல் குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய நேர் எண் அது. அந்த எண்ணை உண்மையாகவே எழுதி வைத்திருக்கும் பக்கங்கள் உலகில் உள்ளன என்பது வேடிக்கையாயினும் வருந்தத்தக்கதே.

சரியான சிகிச்சை மிக எளியது. படத்தைத் தாங்கும் பெட்டிக்கு இசட்-இண்டெக்ஸ்: 0 என்று எழுதினால் போதும். பூச்சியமும் ஓர் எண்ணே ஆதலால் பெட்டி களமாகிவிடுகிறது. படத்தட்டு 0/400 ஆகிறது. பொத்தான்கள் 0/1000 ஆகின்றன. 100 பெற்ற தலைப்பட்டை எவ்விதப் போட்டியுமின்றி மேலே நிற்கிறது. எண் எதுவும் தராமல் வரப்பை மட்டும் ஏற்படுத்த விரும்பினால், ஐசொலேஷன்: ஐசொலேட் என்னும் கட்டளை அதற்காகவே அமைந்துள்ளது.

தெரியாமல் ஏற்படும் வரப்பு

முன்கூறிய நோய்க்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வேண்டாத இடத்தில் களம் தானே ஏற்பட்டுவிடுதல். இது கண்டுபிடிக்கக் கடினமானது. ஏனெனில் களத்தை ஏற்படுத்தும் கட்டளைகள் பல, அடுக்குடன் தொடர்பற்றவை போல் தோற்றமளிக்கின்றன.

இடங்குறிக்கப்படாத ஒரு தலைப்பட்டையும், அதற்குள் 9999 என்னும் எண் பெற்று விரியும் மெனுவும் உள்ளன எனக் கொள்வோம். தலைப்பட்டை களமன்று, ஆகவே மெனுவின் 9999 பொதுக் களத்தில் செல்லுபடியாகிறது. மெனு படத்தின்மேல் அழகாக விரிகிறது. ஒருநாள் தலைப்பட்டை சற்று ஒளி ஊடுருவுவதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று எவரோ கருதி, ஒபாசிட்டி: 0.95 என எழுதுகிறார். மறுகணம் மெனு படத்திற்குக் கீழே போய்விடுகிறது. நிறம்தானே மாற்றப்பட்டது, மெனுவுக்கு என்ன நேர்ந்தது என்று அனைவரும் திகைப்பர்.

ஒளிபுகாமை 1-க்குக் குறைந்தால் அவ்வுறுப்பு கட்டாயமாகக் களமாகும் என்பது விதி. அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஓர் உறுப்பை மங்கலாக்க வேண்டுமாயின், அதனையும் அதன் சேய்களையும் சேர்த்து முதலில் ஒரே படமாகத் தீட்டி, அப்படம் முழுவதையும் மங்கச் செய்ய வேண்டும். சேய்களுக்கு இடையே அயல் உறுப்புகள் நுழைய இடமளித்தால் இது இயலாது. சுழற்றவும் நகர்த்தவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம், மங்கலையும் நிறத்தையும் மாற்றும் ஃபில்டர் ஆகியவையும் இத்தன்மையனவே. ஃபிக்ஸட், ஸ்டிக்கி என்னும் நிலைகள் எண் இல்லாமலேயே களத்தை ஏற்படுத்துகின்றன. மேற்கண்ட மெனுவுக்குப் பரிகாரம், பின்னணி நிறத்தை மட்டும் ஊடுருவச் செய்து ஒபாசிட்டி கட்டளையை நீக்குதல். அல்லது தலைப்பட்டைக்கே இடங்குறித்து, படத்தினும் உயர்ந்த எண் அளித்தல்.

பழுதை ஆராய்பவர் மறைந்துபோன உறுப்பில் தொடங்கி, தாய், பாட்டி எனப் படிப்படியாக மேலே சென்று, முதல் வரப்பு எங்கே எழுகிறது எனக் காண வேண்டும். மேசைக் கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் இதற்குரிய ஆய்வுப் பலகை திறக்கும். எண்ணை உயர்த்துவது இந்த ஆராய்ச்சிக்குப் பிறகு செய்ய வேண்டிய காரியம்.

கண்ணுக்குத் தெரியாத தாள்

அடுக்கு, பார்வைக்கு மட்டும் உரிய செய்தியன்று. விரலோ சுட்டியோ திரையைத் தொடும்போது, அந்த இடத்தில் எல்லாவற்றிற்கும் மேலே உள்ள உறுப்பே அத்தொடுதலைப் பெறுகிறது. ஒபாசிட்டி 0 ஆகி முற்றிலும் மறைந்த உறுப்பும் தொடுதலைப் பெறும். கண்ணாடித் தகடு மூடிய மணியை அடிக்க முயல்வது போன்றது இது. களப்பணியாளர் ‘அனுப்பு’ என்னும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியும் பயன் விளையாததற்கு, மேலே கிடக்கும் இத்தகைய தாள் காரணமாக இருக்கலாம். விசிபிலிட்டி: ஹிட்டன் என்று எழுதி மறைத்த உறுப்பு தொடுதலைப் பெறாது, டிஸ்பிளே: நன் என்பது உறுப்பைத் தீட்டுவதையே தவிர்த்துவிடும். தாள் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், தொடுதல் கீழே செல்லவும் வேண்டும் என்றால், பாயிண்டர்-ஈவண்ட்ஸ்: நன் என்னும் கட்டளை உண்டு.

இதே இயல்பைத் தீயோர் மோசடிக்குப் பயன்படுத்தினர். பரிசு பெற இங்கே தொடுக என்று ஒரு பொத்தானைக் காட்டி, அதன்மேல் வேறொரு நிறுவனத்தின் உண்மையான பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாதபடி விரித்து வைப்பர். தொடுபவர் பரிசைத் தொடுவதாக எண்ணுவார். உண்மையில் மேலிருக்கும் பக்கத்தில் தமக்குத் தெரியாமலே ஓர் அனுமதியை அளித்துவிடுவார். ஜெரமையா கிராஸ்மன், ராபர்ட் ஹான்சன் என்னும் இருவர் 2008-இல் இதனைக் கிளிக்ஜாக்கிங் என்று பெயரிட்டு வெளிப்படுத்தினர். தம் பக்கத்தைப் பிறர் பக்கத்துக்குள் விரிக்கக் கூடாது என்று உலாவிக்கு அறிவிக்கும் முறைகள் அதன்பின் பரவின. பண விவகாரம் கையாளும் பக்கங்களில் அந்த அறிவிப்பு இல்லாதிருப்பது பெருங் குறையாகும்.

எண்களுக்கு அப்பால்

அடுக்கெண்ணின் ஆட்சிக்கு உட்படாத ஓர் இடமும் உண்டு. உலாவி, பக்கத்தின் எல்லாக் களங்களுக்கும் மேலே, உச்சி அடுக்கு என ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. டயலாக் என்னும் உறுப்பை உரிய கட்டளையால் திறந்தால், அது எந்தக் களத்தின் ஆழத்தில் இருந்தாலும் நேராக அங்கே சென்றுவிடும். உறையிலிருந்து தாளை வெளியே எடுக்கும் வேலையை உலாவியே செய்துவிடுகிறது எனலாம். 2147483647 பெற்ற உறுப்பும் அதனை மறைக்க முடியாது. உச்சி அடுக்கில் இரண்டு இருந்தால், கடைசியாக வந்தது மேலே. முக்கிய உலாவிகள் அனைத்தும் 2022 மார்ச் முதல் இவ்வுறுப்பை ஏற்கின்றன. வெள்ள எச்சரிக்கை போன்ற, எந்நிலையிலும் மறையக் கூடாத அறிவிப்புகளுக்கு இதுவே தக்க இடம். எனினும் களத்தில் உபயோகத்திலிருக்கும் பழைய கைப்பேசிகளில் அதற்கு முந்திய உலாவி இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. பக்கத்தை அத்தகைய கைப்பேசி ஒன்றிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முழுத்திரைக் காட்சியும் இந்த உச்சி அடுக்கையே உபயோகிக்கிறது. மகர்பட்டா படத்தை முழுத்திரையில் விரித்ததும் படப் பெட்டி அங்கே செல்கிறது. தலைப்பட்டை முதலிய மற்றவை யாவும் கீழே தங்கிவிடுகின்றன. அப்போது ஒரு கட்டிடத்தைத் தொட்டால் தோன்ற வேண்டிய குறிப்பு, படப் பெட்டிக்கு வெளியே எழுதப்பட்ட சாதாரண உறுப்பாக இருந்தால், தோன்றியும் எவர் கண்ணிலும் படாது. அதன் எண்ணை உயர்த்துவதில் பயனில்லை. மூலத்தில் அக்குறிப்பைப் படப் பெட்டிக்குள் இடம் மாற்றி எழுத வேண்டும்.